பாளையங்கோட்டையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம்?

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். மகளின் பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்கா போகிறார். டிக்கெட் வந்த அன்றே தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30 மணிக்கு ஏற வேண்டும். துபாயில் மாற வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் மதியம் 1 மணிக்கு இறங்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே தேதி.

"எய்யா, எட்டரை மணி நேரந்தான ஆகுது? நெல்லை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போக இதவிடக் கூட ஆகும்லா?" என்றார்.

ஆச்சியின் கழித்தல் கணக்கில் பிழை இல்லை. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு எண்களை அப்படியே கழித்தால் எட்டரைதான் வரும். நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூர் போய்ச் சேர ஒரு ராத்திரி முழுக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்த 4.30 நம் ஊர்க் கடிகாரம், அந்த 1 மணி அவர்கள் ஊர்க் கடிகாரம். சான் பிரான்சிஸ்கோவில் மதியம் 1 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே மறுநாள் அதிகாலை 2.30. ஆக, பயணம் 22 மணி நேரம். அதுவும் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் இன்னும் பத்து மணி நேரம் சேரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தூரம். இணையத்தில் இரண்டு ஊர்ப்பெயரைத் தட்டினால் ஓர் எண் வரும். திருநெல்வேலிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அந்த எண் சுமார் 14,450 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர்தான். பூமியைச் சுற்றினால் 40,000, அதில் பாதி. நம் ஊருக்கு நேர் எதிர்ப்புறம் பசிபிக் கடலின் நடுவில், பெருவுக்கு மேற்கே வெறும் தண்ணீராகக் கிடக்கிறது. அப்படிப் பார்த்தால் சான் பிரான்சிஸ்கோ உலகின் மறுகோடிக்கு முக்கால் வழி.

இந்த 14,450 எந்தப் பாதையில் அளந்தது? வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதில் கோடு போட்டால் ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று ஒரு பக்கமும், சீனா, ஜப்பான், பசிபிக் என்று இன்னொரு பக்கமும் நீளும். உருண்டையைத் தட்டையாக்கிய பாவம் அது. ஒரு பனம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (சாத்துக்குடியும் ஆகும், ஆனால் நம் பக்கம் பனம்பழம்தான் பொருத்தம்.) காம்புப் பக்கம் வடதுருவம் என்று வைத்துக்கொண்டு, நடுவயிற்றுக்குச் சற்று மேலே நம் ஊருக்கு ஒரு குண்டூசி, கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தில், இன்னும் கொஞ்சம் மேலே சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு குண்டூசி. இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டினால் அது வயிற்றைச் சுற்றிப் போகாது. காம்பை ஒட்டி மேலே ஏறி மறுபக்கம் இறங்கும். அந்த நூல்தான் பெருவட்டப் பாதை. இணையம் சொல்லும் எண் நூலின் நீளம்.

பூமியில் அந்த நூல் எங்கெங்கே விழுகிறது என்று நான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திருநெல்வேலியில் கிளம்பினால் அமெரிக்கா இருக்கும் திசை கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வடக்கிலிருந்து சுமார் 20 டிகிரி மட்டும் கிழக்கே சாய்ந்த திசை. சென்னைக்குப் போகிற திசை மாதிரி. நூல் திருப்பதி பக்கமாகப் போகிறது. ஒடிசா எல்லை, பீகார், அப்புறம் காத்மாண்டு பக்கமாக இமயம். திபெத், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, அலாஸ்காவில் இறங்கி, அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாகச் சான் பிரான்சிஸ்கோ. திருப்பதி, காத்மாண்டு வழியாக அமெரிக்கா என்று சொன்னால் நம் ஆட்கள் யாத்திரை டூர் என்றுதான் நினைப்பார்கள்.

சரி, இந்த நூல் மேலேயே விமானம் போகுமா? போகாது. இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கோடு அகத்தியர் மலைக்கு நாலைந்து கிலோமீட்டர் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை அறுத்துக்கொண்டு போகிறது. அந்தச் சிகரம் 1,868 மீட்டர். அங்கே கார் போக வழியில்லை. அதனால் நாம் தெற்கே இறங்கி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று போய், மலை முடிகிற ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, நாகர்கோவில் தொட்டு, மறுபடி வடமேற்கே ஏறுகிறோம். 90 கிலோமீட்டர், 150 ஆகிவிடுகிறது.

விமானத்துக்கும் இப்படி ஓர் அகத்தியர் மலை உண்டு. திபெத். மலைக்கு மேலே பறக்க முடியாது என்பதால் இல்லை. விமானம் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, எவரெஸ்ட்டே ஒன்பது கிலோமீட்டருக்குக் கீழேதான். சிக்கல் வேறு. வழியில் எப்போதாவது கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், தலைக்கு மேலிருந்து முகமூடி விழும். அதில் பிராணவாயு சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதற்குள் விமானி சுமார் 10,000 அடிக்கு, அதாவது மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு, இறங்கிவிட வேண்டும். அங்கேதான் முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடியும். திபெத்தில் தரையே சராசரியாக நாலரைக் கிலோமீட்டர் உயரம். இறங்க இடமில்லை. ஆகவே பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

இரண்டாவது தடை மனிதர்கள் போட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யா ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. அவர்களும் ரஷ்ய விமானங்களுக்கு மூடினார்கள். இந்திய நிறுவனங்களும் வளைகுடா நிறுவனங்களும் ரஷ்யாவின் மேல் பறக்கலாம். அதனால் ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே, வாலில் எந்த நாட்டுக் கொடி என்பதைப் பொறுத்துத் தூரம் மாறியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்தை மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில, வழியில் ஐரோப்பாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போக வேண்டி வந்தது. இணையம் சொல்லும் நூல் நீளத்தில் இந்த எல்லைகள் எதுவும் தெரியாது.

இப்போது ஆச்சியின் டிக்கெட்டுக்கு வருவோம். "அமெரிக்கா போக முதல்ல மேக்க போயிட்டு, அப்புறம் எதுக்குச் சுத்தணும்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் எண்களைப் பாருங்கள். திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். துபாய்–சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,000. கூட்டினால் 16,000-க்குச் சற்றுக் குறைவு. நேர் நூலைவிட 1,500 கிலோமீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்குதான் அதிகம். திருவனந்தபுரம் போக நாம் காரில் சுற்றுகிற சுற்று, மூன்றில் இரண்டு பங்கு அதிகம்! சிங்கப்பூர் வழியாகப் போனால் திருவனந்தபுரம்–சிங்கப்பூர் 3,100, அங்கிருந்து 13,600, கூட்டினால் 16,700. துபாய்ச் சுற்றே குறைவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. துபாயும் சான் பிரான்சிஸ்கோவும் தீர்க்கரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட எதிரெதிர். ஒன்று கிழக்கு 55 டிகிரி, மற்றது மேற்கு 122. கூட்டினால் 178-ஐத் தொடுகிறது. 180 என்றால் நூல் நேராகத் துருவத்தின் மேலேயே போகும். இரண்டு டிகிரிதான் குறைவு என்பதால் வடதுருவத்துக்கு 200 கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. காற்றையும் வான எல்லைகளையும் பார்த்து அன்றன்றைக்கு வழி மாறும் என்றாலும், அடிப்படையில் அது வடக்கே ஏறி, உச்சியைச் சுற்றி, தெற்கே இறங்கும் பயணம். தாமிரபரணிக் கரையில் எழுபது வருஷம் இருந்த ஆச்சி, காலை நீட்டித் தூங்கிக்கொண்டே துருவத்தைக் கடப்பார்.

துருவ வழி நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் தொடங்கியது. முதல் பயணத்தில் விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள். கேப்டன் சோயா அகர்வால் தலைமையில், போயிங் 777 விமானம் வடதுருவத்தின் மேலே பறந்து வந்தது. இரண்டு ஊருக்கும் நூல் தூரம் 14,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பயணம் 17 மணி நேரம். பெங்களூரு விமான நிலையமும் திருநெல்வேலியும் ஒரே தீர்க்கரேகையில், ஏறக்குறைய 77.7 டிகிரியில் இருக்கின்றன. நாம் அங்கிருந்து நேர் தெற்கே 500 கிலோமீட்டர். ஆகவே அவர்களின் கணக்குக்கும் நம் கணக்குக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. இந்த வழியில் விமானிகள் கவலைப்படும் விஷயம் பனிக்கரடி இல்லை, எண்ணெய். விமான எரிபொருள் வகையைப் பொறுத்து கழித்தல் 40 அல்லது 47 டிகிரியில் உறையத் தொடங்கும். துருவ வானத்தின் குளிர் அதைவிடக் கீழேயும் போகும். இறக்கையில் இருக்கும் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். கொஞ்சம் ஆபத்து தெரிந்தால் தாழ இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள்.

அடுத்து நேரம். பயணிகள் ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். மனக்கணக்குப் போட, தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறி இறங்கவும் தரையில் ஊர்ந்து போகவும் முக்கால் மணி சேர்த்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம்–துபாய் நாலு மணி நேரம். சரியாக வருகிறது. சென்னை–லண்டன் 8,200 கிலோமீட்டர். இந்தக் கணக்குப்படி பத்து மணி நேரத்துக்குள் வர வேண்டும். ஆனால் போகும்போது அதைத் தாண்டும், வரும்போது குறையும். அங்கேதான் காற்று குறுக்கிடுகிறது.

ஆனி, ஆடியில் பணகுடியிலிருந்து ஆரல்வாய்மொழிக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று எதிரே வந்து அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. போகும்போது முட்டி கழன்றுவிடும். திரும்பும்போது மிதிக்காமலே வண்டி ஓடும். வானத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக இப்படி ஒரு காற்று வருஷம் முழுக்க ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். குளிர்காலத்தில் அது இன்னும் வேகம் பிடிக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பலர் தவறவிடுவது. 9,000 கிலோமீட்டர் பயணம், விமான வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்று இல்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். எதிர்க்காற்றில் வேகம் 800. ஆகவே 11 மணி 15 நிமிடம். பின்காற்றில் 1,000, 9 மணி நேரம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது முழுதாக மீட்க முடியாது. எதிர்க்காற்றில் நாம் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்று நமக்குக் கிடைப்பதோ குறைந்த நேரம்.

டீக்கடையில் இதற்கு வேறொரு விளக்கம் சொல்வார்கள்: பூமி கிழக்கே சுற்றுகிறது, விமானம் மேலே நின்றாலே போதும், ஊர் தானாகக் கீழே வந்துவிடும் என்று. அப்படி என்றால் பஸ்ஸுக்குள் பறக்கும் ஈ பின்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பஸ்ஸோடு உள்ளே இருக்கும் காற்றும் போகிறது, ஈயும் போகிறது. பூமியும் அப்படித்தான், காற்றைச் சேர்த்துக்கொண்டே சுற்றுகிறது. ஆச்சியின் துருவ வழியில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிப்பதால் போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு பக்கமும் 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முதலில் பாக்கி வைத்த பத்து மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போகச் சொல்கிறார்கள். 4.30 விமானத்துக்கு 1.30-க்குத் திருவனந்தபுரத்தில் நிற்க வேண்டும். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலைக் கணக்கில் எடுத்தால் பாளையங்கோட்டையிலிருந்து நாலு மணி நேரம். வழியில் டீ குடிக்க அரை மணி. ஆக முந்தின நாள் இரவு 9 மணிக்கு வண்டி ஏற வேண்டும். (இதில் ஒரு வசதி உண்டு. இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். அல்வாவை வாங்கி வந்து பெட்டியில் வைத்துக் கட்ட நேரம் இருக்கிறது.) அந்தப் பக்கம் இறங்கியபின் குடியேற்ற வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பது, மகள் வீட்டுக்குக் கார் என்று இன்னும் இரண்டரை மணி நேரம். மொத்தம் 32.

இந்த 32-ல் வானத்தில் இருப்பது 20. ஆனால் எனக்கு உறைப்பது வேறு ஒன்று. பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர், நாலு மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் 2,950 கிலோமீட்டர், அதே நாலு மணி நேரம். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். களைப்பு எந்த நாலு மணி நேரத்தில் வந்தது என்று சொல்வார்கள்.

பழைய தமிழில் நாழிகை வழி என்று ஓர் அளவு இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து போகக்கூடிய தூரம். தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியாகச் சொல்ல அன்றைக்கு அவசியம் இல்லை, எல்லாரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். 1841-ல் கால்டுவெல் சென்னையிலிருந்து நீலகிரியைச் சுற்றிக்கொண்டு இடையன்குடிக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அவருக்கு மைல் கணக்கைச் சொன்னாலே எத்தனை நாள் என்று தெரிந்திருக்கும். இன்றைக்குக் கிலோமீட்டரைச் சொன்னால் நேரம் தெரியாது. எந்த ஊர்தி, எந்த வழி, எத்தனை இடத்தில் காத்திருப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றக்கூடியது தூத்துக்குடி விமான நிலையம். அது இருக்கும் வாகைக்குளம் பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது. அதில் விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானங்கள்தான் இறங்க முடியும். அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தார்கள். அந்த நீளத்தில் நடுத்தர ஜெட் விமானங்கள் தாராளமாக இறங்கி ஏறலாம். அங்கிருந்து ஒரு நாள் வளைகுடாவுக்கு நேராக விமானம் வந்தால், ஆச்சியின் 32 மணி நேரத்தில் நாலு மணி நேரம் அப்படியே கழியும். விமானத்தைக் கொஞ்சம் வேகமாக்கினாலும் அவ்வளவு மிச்சம் வராது.

கடைசியாகக் கடிகாரம். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம், கிழக்கு 82.5 டிகிரியை வைத்துக் கணக்கு. நாம் அதற்கு மேற்கே கிட்டத்தட்ட ஐந்து டிகிரி. டிகிரிக்கு நாலு நிமிடம். அதனால் கடிகாரத்தில் 12 அடித்து ஏறக்குறைய 20 நிமிடம் கழித்துத்தான் பாளையங்கோட்டையில் உச்சி வெயில். சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 13.30 மணி நேரம் பின்னால். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அப்போது 12.30. நவம்பரில் பழையபடி. மகள் வழக்கமாகக் கூப்பிடும் நேரம் மார்ச்சில் ஒரு நாள் திடீரென்று ஒரு மணி நேரம் முன்னால் வருவது இதனால்தான். "பிள்ளைக்கு என்னமோ ஏதோ" என்று பயப்பட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லி வைத்தேன்.

போகும்போது கடிகாரம் தந்த பதின்மூன்றரை மணி நேரத்தை வரும்போது திருப்பிக் கேட்கும். திரும்பும் டிக்கெட்டையும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினால், துபாயில் இறங்கும்போது திங்கட்கிழமை இரவு 8 மணி. அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து, திருவனந்தபுரத்தில் இறங்குவது செவ்வாய் அதிகாலை 3.30. திங்கட்கிழமையில் ஆச்சியின் கால் தரையில் படுவது துபாயில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான்.

ஆச்சிக்குத் திங்கட்கிழமை விரதம். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, ராத்திரி விளக்கேற்றிய பிறகு ஒரு வேளை. தாளை வாங்கி மறுபடி பார்த்தார்.

"அப்ப நான் எந்த ஊரு ராத்திரிக்குச் சாப்பிடணும்யா?"

துபாய் ராத்திரிக்கு என்றேன். அங்கே விளக்கு ஏற்ற விடுவார்களா என்று அடுத்த கேள்வி வந்தது.